இடைவெளி சரியில்லாத தாள்

ஐப்பசி 9, வெள்ளி

விடியலிலிருந்து தூறல். தறிக்குழி ஈரம். இவர் இன்றைக்கும் தறியில் உட்காரவில்லை. மலருக்கு முப்பதாம் நாள் படையல் முடிந்ததிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

வாங்க: கற்பூரம், உளுந்து, பல்பு ஒன்று.

மத்தியானம் ஷாலினி போன். மலரோடு வான ஆராய்ச்சி படித்த பெண். ஆஸ்பத்திரியில் என் மகளுக்குக் கடைசி வரை தலை வாரிவிட்டவள். "அம்மா, மலர் வீட்டுக்கு எடுத்துனு வந்த வானத்துப் படம் இருக்குதா? பெரிய கட்டம் போட்ட தாள், பென்சில்ல குறிச்சிருப்பா. அவ செஞ்ச வேலை அதுலதான் இருக்குது. அது கிடைக்கலன்னா கட்டுரை அவ பேர் இல்லாமப் போயிடும்மா."

படையலுக்கு முன் வீடு ஒழித்தபோது, கட்டம் போட்ட தாளெல்லாம் இவருடைய பழைய சேலை டிசைன் என்று ஒரே கட்டாகக் கட்டி ஐயம்பேட்டைக்குக் கொடுத்தனுப்பியது நான்தான். அங்கே முனுசாமி அண்ணன், டிசைன் பார்த்துத் தறியில் மாட்டும் அட்டையில் ஓட்டை அடிக்கிறவர். வேலை முடிந்த தாள் அவர் வீட்டு வெந்நீர் அடுப்புக்கு.

நான்கு தரம் போன் போட்டேன், அண்ணன் எடுக்கவில்லை. இவரிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 10, சனி

மழை விட்டது. ஷாலினி முதல் பஸ்ஸில் வந்தாள். இட்லி இரண்டுதான் தின்றாள். ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை. அப்படி என்னதான் படம் என்று கேட்டேன். வானத்து எக்ஸ்ரே என்றாள். எக்ஸ்ரே என்றால் மலரின் மார்பைப் படம் எடுத்ததுதான் எனக்குத் தெரியும்.

"வானத்துல எந்தப் பக்கம் பார்த்தாலும் எக்ஸ்ரே மெல்லிசா வந்துக்கினே இருக்குதும்மா. கண்ணுக்குத் தெரியாது. ரொம்ப தூரத்துல இருக்கற கேலக்ஸிங்க, அதான் நட்சத்திர மண்டலங்க, அதுங்கள்ள இருந்துதான் முக்கால்வாசி வருது. பளிச்சுனு தெரியறதையெல்லாம் வட்ட வட்டமா வெட்டிட்டு மிச்சத்தைப் பார்ப்போம்."

"மிச்சத்துல இன்னாமா இருக்கும்?"

"தனியாத் தெரியாததுங்களோட வெளிச்சம். கேலக்ஸிங்க சமமாப் பரவி இல்ல, கூட்டம் கூட்டமா இருக்குது. அதனால வெளிச்சமும் ஒரு இடத்துல கூட, ஒரு இடத்துல குறைச்சல். அதைத்தான் மலர் குறிச்சா."

பாதி புரிந்தது. வெட்டி எடுத்த பிறகும் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. அது புரிந்தது.

அண்ணன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் நுரை. "வா தங்கச்சி. இன்னா கட்டு அனுப்பி வெச்ச? வேண்டாததை அடுப்புல போட்டேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்து வெச்சிருக்கேன்."

"ஏண்ணா?"

"போட்டவனைக் கூப்பிட்டுத் திட்டலாம்னுதான். சேலையில போடற பூ, புட்டான்னா ஒரே அளவு இடைவெளி வேணாமா? ஒரு பக்கம் கும்பலா நிக்குது, ஒரு பக்கம் காலி. குடிச்சிட்டுப் போட்டானா?"

"மலர் போட்டதுண்ணா."

அண்ணன் உள்ளே போய், வாய் கொப்பளித்து, தாளை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

ஷாலினி மடியில் விரித்துச் சிரித்தாள், அழுதாள். "தப்பு இல்லீங்க. நீங்க சொன்ன கும்பல்தான் அவ தேடினது."

"அப்போ வானத்தை நெய்ஞ்சவனைத்தான் திட்டணும் கண்ணு" என்றார்.

சிரித்தேன். நானா என்று இருந்தது.

வீட்டில் இவரிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பென்சில் கோட்டின் மேலேயே விரல் ஓட்டினார். "கை நடுங்காமப் போட்டிருக்கா." அவ்வளவுதான்.

ஐப்பசி 11, ஞாயிறு

நல்ல வெயில். தாளைச் சேலைப் பெட்டியில் வைத்து ஷாலினியிடம் கொடுத்தேன். கூடவே வடை நான்கு. பஸ் ஏறும்போது சொன்னாள், கட்டுரையில் முதல் பேர் மலர் பேர்தானாம்.

அண்ணன் மகராசன், நல்லா இருக்கணும். அந்தப் பெண்ணும். பஸ் போன பிறகுதான் நினைவு வந்தது, இரண்டு பேரிடமும் வாய் திறந்து நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளை போன் செய்ய வேண்டும்.

பல்பு மறந்தாயிற்று.

தறிச் சத்தம் கேட்கிறது. காலையிலிருந்து. இவர் கூப்பிடுகிறார், நான் சுற்றி வைத்த நூல் தீர்ந்துவிட்டதாம்