யானைப் பறை

கதிரவெளி
1938 பங்குனி

என் அன்பு மகன் கனகசிங்கத்துக்கு அம்மா அன்னப்பூரணி எழுதிக்கொள்வது. பிள்ளையார் துணையால் நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன், அந்தக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுதல். மற்றவர்கள் சுகத்தை ஒரு வரியில் எழுத முடியாது, பொறுமையாக வாசி.

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் வந்தது. பாதிரிமார் உன்னை அமெரிக்காவுக்கு என்ன படிக்க அனுப்பினார்கள் என்று இப்போதுதான் விளங்கியது. வெள்ளைக்காரர் அங்கே முதன்முதல் குடியேறிய ஊர்களில் வீட்டுக்கொரு துவக்கும் தோட்டாவும் இருக்கவேண்டும், பறை அடித்தால் ஆண்கள் ஓடி வரவேண்டும், வராதவனுக்குத் தண்டம் என்று சட்டம் இருந்ததாம். அவர்களுடைய மாடு பழங்குடிகளின் சோளத்தைத் தின்றால் வேலி கட்டு என்பார்களாம், மாட்டைக் கொன்றால் குடியிருப்பையே கொளுத்துவார்களாம். இப்படியும் மனிதர் இருந்தார்களா அம்மா என்று கேட்டிருந்தாய். அவ்வளவு தூரம் போய்ப் படித்திருக்கத் தேவையில்லை மகனே, உன் அத்தான் வினாயகமூர்த்தியைக் கேட்டிருந்தால் செய்தே காட்டியிருப்பான். மருமகனை அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று நினைக்காதே, வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை.

காட்டோரத்து வேடர் குடியிருப்பில் கோணாமலை என்று ஒருவன், நமக்குத் தேன் கொண்டுவந்து தருவானே, அவன் காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்குள் உன் அத்தானின் மாட்டுப் பட்டி புகுந்து சோளத்தைத் தின்றுவிட்டது. அவன் வந்து வாசல் படலையில் நின்று முறையிட்டான், உன் அத்தான் வேலியக் கட்டு போ என்று விரட்டினான். மறுபடியும் தின்றது, மறுபடியும் வந்தான், அதே பதில். கடைசியில் ஒரு நாம்பன் மாட்டை அம்பெய்து கொன்றுவிட்டான். கொன்றவன் ஒளிக்கவில்லை. களவெடுக்கவில்லை என்று காட்டுவதற்குக் குறி சுட்ட தோலை உரித்துச் சுமந்துவந்து வாசலில் விரித்தான், அது அவர்கள் முறை. போடியார், இது ஒங்கட குறி, இறைச்சியில ஒரு துண்டும் நான் தொடல்ல, ஆளனுப்பி எடுங்க என்றான். உன் அத்தானுக்கோ, ஊர் வயலுக்கெல்லாம் பெரிய போடியாரான தன் குறியை ஊர் பார்க்க மண்ணில் போட்டுவிட்டான் என்று ஆத்திரம். அன்று பின்னேரம் உன் அத்தான் வயல் காவல்காரனிடம், யானைப் பறைய அடி, அப்பதான் எல்லாரும் துவக்கோட வருவானுகள் என்று சொன்னதை அடுப்படியில் நின்று என் காதால் கேட்டேன். வயல் வட்டைக்குள் யானை இறங்கினால் அடிக்கிற பறை அது, அதற்கு வராத வீட்டுக்கு அந்தப் போகம் தண்ணீர் இல்லை என்பது உனக்குத் தெரியும்தானே. அதனால் எல்லாரும் வந்தார்கள். காட்டோரம் போகும்வரை யானை என்றே நினைத்தார்களாம். முதல் வெடியை உன் அத்தான் வைத்தான், அதற்குப் பிறகு மற்றவர்களுக்கும் வெறி பிடித்துவிட்டது.

புகையைக் கண்டு நான் ஓடினேன். குடிசைகள் எரிந்தன, பானைகளை உதைத்து உடைத்தார்கள், கட்டியிருந்த நாயைக்கூட வெட்டினார்கள். கோணாமலை வயிற்றைப் பொத்திக்கொண்டு கிடந்தான், குடல் விரலிடுக்கால் வழிந்தது, தண்ணி தண்ணி என்றான். உன் அத்தான் அவன் நெஞ்சில் காலை ஊன்றி, முகத்துக்கு நேரே துவக்கைப் பிடித்து வெடி வைத்தான். என் சேலையில் தெறித்த இரத்தம் எத்தனை தரம் கழுவியும் போகவில்லை மகனே. அவன் பெண்சாதி ஆச்சிப்பிள்ளை புருஷன் மேல் விழுந்தபோது எவனோ கத்தியை வீசினான், வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

பொலிஸ் வந்தபோது யானை மிதித்துச் செத்தான் என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. யானை துவக்கும் வைத்திருந்ததா என்று நான்தான் கேட்டேன். மட்டக்களப்புக் கோட்டில் நீதவான் முன்னால் சத்தியம் செய்து, கேட்டதையும் கண்டதையும் சொன்னேன். உன் அத்தானுக்காக வழக்குப் பேசிய பிறக்கிராசியார் சிரித்துக்கொண்டு, அம்மா, நீங்க யார்ர வீட்டில இருக்கிறீங்க என்றார். மகள்ர வீட்டில என்றேன். இண்டைக்குப் பின்னேரம் எங்க போவீங்க என்றார். நம் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, உன் அக்கா சின்னத்தங்கத்தின் கலியாணத்தில் நானே எழுதிக்கொடுத்தது. திரும்பி வந்தபோது என் பெட்டி படலைக்கு வெளியே மழையில் கிடந்தது. அவள் நிறைமாத வயிற்றோடு நின்று, இது என்ட வீடு, என்ட புருஷனத் தூக்குக்குக் குடுக்கிற ஆளுக்கு இதுக்குள்ள இடமில்ல என்றாள். சட்டப்படி அவள் சொன்னது சரி. அழுதேன், ஆனால் பெற்ற பிள்ளையைத் திட்ட மனம் வரவில்லை.

பெட்டியைச் சுமந்துகொண்டு காட்டோரமாக நடந்தபோது ஆச்சிப்பிள்ளைதான் என்னைக் கூப்பிட்டாள், மழை பெய்யுது உள்ள வாங்க என்று மட்டும் சொன்னாள். பாதி எரிந்த கூரைக்குக் கிடுகு போட்டு இருவரும் இருக்கிறோம், அவளுக்குச் சோற்றை நான் ஊட்டிவிடுகிறேன். போன கிழமை உண்மையாகவே யானை வட்டைக்குள் இறங்கியது. பறையை விடாமல் அடித்தார்கள், ஊரில் ஒருவனும் படலை திறக்கவில்லை, இந்தமுறை யாரைக் கொல்லக் கூப்பிடுகிறார்களோ என்ற பயம். முற்றிய கதிரெல்லாம் மிதிபட்டுப் போனது. இங்கே ஆச்சிப்பிள்ளை கோடாலியை இடது கையில் பிடித்துக்கொண்டு, விடியும்வரை என்னை மறைத்து வாசலில் நின்றாள்.

உன் அத்தான் மறியலில் அடைபட்டிருக்கிறான். ஆனி மாதம் பெரிய கோட்டில் ஜூரிமார் முன்னால் நான் மறுபடியும் சொல்லவேண்டும். அம்மாவை நிறுத்து தம்பி என்று உன் அக்கா உனக்கு எழுதுவாள். அவளுக்கு அன்பாகப் பதில் எழுது, பிள்ளைப்பேற்று நேரம். ஆனால் நிறுத்தச் சொல்லி எனக்கு எழுதிவிடாதே மகனே. உன் சொல்லை நான் தட்டமாட்டேன், அது அவளுக்கும் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, துவக்கு வைத்திருக்கும் சிநேகிதரோடு வேட்டைக்குப் போகாதே. பிள்ளையார் உன்னை நோய் நொடி அண்டாமல் காப்பார், படித்த படிப்பு உனக்கு நல்ல புத்தியாய் நிலைக்கட்டும். இனி அக்கா வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போடாதே, அங்கே பிரிக்காமல் அடுப்பில் போடுவார்கள். உறையில் கோணாமலை வீடு, கதிரவெளி என்று எழுது. தபால்காரனுக்கு இடம் தெரியும்.

உன்னைப் பெற்ற அம்மா,
அன்னப்பூரணி