காணும் என்றால் நில்லுங்கோ

இஞ்சாருங்கோ,

உங்கள் இருக்கையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். எங்கள் கரவன் வீட்டை இழுக்கிற வான் வண்டியின் சாரதி இருக்கை. அதை நன்றாக முன்னுக்கு இழுத்துவிட்டேன், கோபிக்காதேங்கோ, என் கால்கள் கட்டை. ஸ்டியரிங்கில் நீங்கள் சுற்றிவைத்திருந்த அந்தப் புலித்தோல் உறையையும் கழற்றி எறிந்துவிட்டேன். பதினைந்து வருடம் அதைச் சகித்தது காணும்.

வருகிற கிழமை உங்கள் ஆட்டத்திவசம். ஒரு வருடம் ஓடிவிட்டது. உங்கள் அண்ணர் எசன் நகரத்தில் நினைவு மலர் அடிக்கிறார். மனைவியும் ஒரு பக்கம் எழுதவேண்டுமாம். "அழுகிற மாதிரி நாலு வரி எழுதித் தாரும், மிச்சத்தை நான் திருத்துறன்" என்றார். எனக்கு நாலு வரி காணாது. இதில் அவர் ஒரு சொல்லைத் திருத்தினாலும் நான் வேறு இடத்தில் அச்சடித்து, சந்தைகளில் நாங்கள் விற்கிற கொத்து ரொட்டியோடு சுற்றிக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

திருத்துவதில் அவர் கெட்டிக்காரர். உங்கள் மரண அறிவித்தலை அவர்தான் எழுதினார். "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், ஜேர்மனி எசனை வதிவிடமாகவும் கொண்ட" என்று போட்டார். எசனில் நீங்கள் எங்கே வதிந்தீர்கள்? அண்ணர் வீட்டுத் தபால் பெட்டிக்குள்ளா? பதிவதற்கு ஒரு விலாசம் இல்லாமல் இந்த நாட்டில் மூச்சுவிடவும் ஏலாது என்பதற்காக நீங்கள், நான், மகள் யாழினி என்று மூன்று பேரின் பெயரையும் அதில் ஒட்டினோம். வருடத்தில் ஒருமுறை தைப்பொங்கலுக்கு அங்கே போனாலும், அவருடைய பெருமைப் பேச்சுக்குப் பயந்து நீங்கள் வானுக்குள் போய்ப் படுத்துக்கொள்வீர்கள். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் கரவனை வதிவிடமாகவும் கொண்டவர் என்று எழுதினால் யாருக்கு என்ன நட்டம்? அண்ணருக்கு வெட்கம். அகதியாக வந்து வீடு கட்டியவரின் தம்பி, சில்லு வைத்த பெட்டிக்குள் குடும்பம் நடத்தினார் என்று ஊர் சிரிக்குமாம்.

ஊர் சிரித்தது என்பது உண்மைதான். சிரித்த அதே ஊர் எந்த நகரத்தில் எங்கள் கடையைக் கண்டாலும் வரிசையில் நின்று, "அண்ணை, எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் உறைப்பாப் போடுங்கோ" என்றது. நீங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டுக் கொடுத்தீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கரவன் வாழ்க்கை சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டு படம் பிடித்துப் போடுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. மலை, ஏரி, கோப்பிக் கோப்பை, அதைப் பிடித்த வெறுங்கால் பெண். அந்தப் படங்களில் கக்கூஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டுகிறவர் யாரும் இல்லை. மூன்று நாள் மழையில் காயாத உடுப்பும் இல்லை. யாழினி போகிற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்குகிற அந்தக் கொப்பியும் இல்லை. பன்னிரண்டு வயதில் அவளுக்கு எத்தனை வகுப்பாசிரியர்கள் என்று கேட்டால் அவளே விரல் மடித்து எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவாள். வண்டி ஓடும்போது முருகனைத் துவாயில் சுற்றி, பானைக்குள் வைத்து, பானையை அலுமாரிக்குள் இறுக்குவோம். "முருகனுக்கும் சீற் பெல்ற்" என்பீர்கள். ஒவ்வொரு முறையும் சொல்லி ஒவ்வொரு முறையும் நீங்களே சிரிப்பீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கரவனைப் பின்னுக்கு எடுக்கிற விஷயம்.

புது இடத்துக்குப் போனால் நீங்கள் ஓட்டுவீர்கள், நான் பின்னால் நின்று கை காட்டுவேன். "வாங்கோ, வாங்கோ, வலத்தால் வாங்கோ, காணும்!" காணும் என்றால் நீங்கள் நிற்கவேண்டும். நின்றீர்களா? ஒருநாளும் இல்லை. இன்னும் ஒரு முழம் வந்து எதிலாவது இடித்த பிறகுதான் நிற்பீர்கள். இடித்ததும் இறங்கி வந்து, "உமக்குக் கை காட்டவும் தெரியாது" என்பீர்கள். கரவனின் பின்பக்கத்தில் ஏழு நெளிவு இருக்கிறது, ஏழுக்கும் எனக்கு ஊர்ப்பெயர் தெரியும். பக்கத்து ஜேர்மன்காரர்கள் பொத்தானை அழுத்தித் தங்கள் கரவனைத் தானாக நகர வைப்பார்கள். அதை வாங்குவோம் என்றேன். "உது சோம்பேறியளின்ர வேலை" என்றீர்கள். அப்படியென்றால் நான் ஓட்டிப் பழகுகிறேன் என்றேன். "உமக்கு ஏலாது." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

போன வருடம் இலையுதிர் காலத்தில் உங்களுக்கு நெஞ்சு நோ தொடங்கியது. தட்டில் ரொட்டியைக் கொத்தும்போது இடது கையை உதறுவீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். "காணும், இந்தமுறை நத்தார்ச் சந்தை வேண்டாம். டொக்டரிட்ட ஒரு தெர்மீன் எடுத்து, அந்த நாளில போய் நெஞ்சைக் காட்டுவம்" என்றேன். "இஞ்சாரும், இந்த ஒண்டு மட்டும்" என்றீர்கள். அதே ஒரு முழம். அந்தக் கிறிஸ்மஸ் சந்தையின் மூன்றாம் நாள், கொத்துகிற தகடு இரண்டும் கையில் இருக்க, விழுந்தீர்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டீர்கள்.

எனக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. மற்றவர்கள் அழும்போது நான் உங்கள் முகத்தைப் பார்த்து மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. ஐயர் போய்ச் சரியாக ஒரு மணித்தியாலம் இருக்காது, கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் கரவன் நின்ற கேம்பிங் இடத்துக்கு அண்ணர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் என்னோடு பேசவில்லை. கரவனின் சுவரைத் தட்டித் தட்டி ஈரம் பார்த்தார்.

"அத்தான், இவர் ஆர்?"

"வாங்க வந்தவர். இதை வித்துப்போட்டு எங்கட மேல்மாடிக்கு வாரும். பொம்பிளைப் பிள்ளை வளருது. நாளைக்குக் கலியாணம் பேச வாறவை எங்க வாறது, கேம்பிங் பிளாட்சுக்கோ?"

"அவளுக்குப் பன்னிரண்டு வயது, அத்தான்."

"அப்ப ஆர் இதை இழுக்கிறது? நீரோ? என்ர தம்பியே சொல்லுவான், உமக்கு ஏலாதெண்டு."

அந்த ஆளிடம் ஜேர்மன் மொழியில் சொன்னேன்: கரவன் விற்பனைக்கு இல்லை, இவருக்கு எதையாவது விற்கிற ஆசை இருந்தால் தன் வீட்டை விற்பார். அண்ணரின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது, அதுதான் எனக்கு எரிந்தது. யார் இழுப்பது? வருடத்தின் முதல் சந்தை ஈஸ்டருக்கு. அதற்குள் கரவன் இழுக்கிற லைசென்ஸ் இல்லாவிட்டால் கரவன் போகும், தொழில் போகும். பிறகு நானும் பிள்ளையும் அண்ணர் வீட்டு மேல்மாடியில், அவர் தருகிற மரியாதையில் சீவிக்க வேண்டும். அதைவிடக் கக்கூஸ் பெட்டி கொட்டுவது மேல்.

அந்தக் கிழமையே இன்னொன்று நடந்தது. குளிருக்கு மூடுகிற பகுதியில் நின்ற கரவனை மூடாத பகுதிக்கு நகர்த்தச் சொன்னார்கள் கேம்பிங்காரர்கள். மியூனிக்கில் கணினி வேலை செய்கிற, மதுரைப் பக்கத்து மனிதர் ஒருவர் மனைவியோடு விடுமுறைக்கு வந்து நின்றார். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் ஓடி வந்தார்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. ரிவர்ஸ்தானே, ஈஸி. நீங்க பின்னாடி நின்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

நான் பின்னால் நின்றேன். நன்றாகத்தான் வந்தார், உங்களைவிட நேராக. தண்ணீர்க் குழாய்த் தூண் கிட்ட வந்தது. "காணும்!" என்றேன். வந்தார். "காணும்! காணும்!" என்று கத்தினேன். இன்னும் உற்சாகமாக வந்து தூணைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றார். எட்டாவது நெளிவு.

இறங்கி வந்த மனிதருக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. "அக்கா, நீங்கதானே 'காணோம், காணோம்'னு சொன்னீங்க? பின்னாடி ஒண்ணும் காணோம், தைரியமா வரலாம்னு நெனச்சேன்!"

"ஐயோ தம்பி, காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம்."

"அப்ப போதும்னே சொல்லியிருக்கலாமேக்கா!"

நான் சிரித்தேன். நீங்கள் போன பிறகு முதல்தடவை. தண்ணீர் பீச்சி அடிக்கிறது, அவர் இரண்டு கையாலும் குழாயைப் பொத்துகிறார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். யாழினி என்னைப் பயந்து பார்த்தாள். பிறகு ஒரு யோசனை வந்து சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதருக்குச் சொல் விளங்கவில்லை, இடித்தார். உங்களுக்கு விளங்கியது, இடித்தீர்கள். இரண்டு பேரில் யார் பெரிய மடையன்?

அடுத்த நாளே கரவனை இழுத்து ஓட்டப் பழகப் போய்ப் பதிந்தேன். பழக்கியவர் ஒரு கிழவர், சிரிக்கவே மாட்டார். முதல் நாளே சொன்னார்: பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் நிறுத்து, இறங்கு, போய்ப் பார், இறங்குவதில் வெட்கமில்லை. எனக்குக் கண் கலங்கியது. அவர் வெயில் என்று நினைத்திருப்பார், மாசி மாதத்தில் எங்கே வெயில்? நீங்கள் எப்போதாவது இறங்கிப் பார்த்தீர்களா? கரவனுக்குப் பின்னால்தான் வேண்டாம், உங்கள் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்றாவது?

முதல் சோதனையில் தவறினேன். மூலையால் வளைத்துப் பின்னுக்கு எடுக்கையில் கம்பத்தை விழுத்தினேன். அண்ணருக்கு எப்படியோ தெரிந்து, "நான் அப்பவே சொன்னனான்" என்று தொலைபேசி எடுத்தார். துக்கம் விசாரிக்கக்கூட அவ்வளவு கெதியாக எடுக்கவில்லை. இரண்டாம் முறை இரண்டு தடவை இறங்கிப் பார்த்தேன். பாஸ்.

ஈஸ்டருக்கு முதல் நாள், கரவனை வானில் நானே கொழுவி, நானே இழுத்து, சந்தை இடத்துக்கு வந்தேன். யாழினி பின்னால் போய் நின்றாள், நான் நின்ற அதே மாதிரி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "வாங்கோ அம்மா, வாங்கோ, இடத்தால்... காணும்!"

கண்ணாடியில் பார்த்தேன். வேலிக்கு இன்னும் ஒரு மீற்றர் இருந்தது. நன்றாகத் தெரிந்தது. என் காலுக்குள் உங்கள் கால் வந்து ஏறிக்கொண்டது, சத்தியமாகச் சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் போகலாம், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று. நான் பிரேக்கை மிதித்தேன்.

அவள் ஓடி வந்தாள். "அம்மா, ஸொறி, நான் வெள்ளணச் சொல்லிட்டன். இன்னும் இடம் கிடக்கு."

"கிடக்கட்டும். நீ காணும் எண்டனி, நான் நிண்டனான்."

அவள் வேலியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா நிண்டதே இல்லை" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். நீங்கள் போன நாளிலிருந்து அவள் எனக்கு முன்னால் அழவில்லை. அந்த ஒரு மீற்றரில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

இவ்வளவு திட்டிவிட்டேன். இனி ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள், கஞ்சி பருக்கினேன். மூன்றாவது கரண்டியில் நீங்கள் "காணும்" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கஞ்சியைச் சொன்னீர்களா, வேறு எதையும் சொன்னீர்களா? எனக்கு இன்றுவரை தெரியாது. நான் நிற்கவில்லை. "இந்த ஒண்டு மட்டும்" என்று இன்னொரு கரண்டி வைத்தேன். அது கன்னத்தால் வழிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. உங்களை மடையன் என்றேனே, உங்கள் மனைவி மட்டும் என்ன திறம்?

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். யாழினி என்றைக்கு, எந்த ஊரில், எதைப் பார்த்துக் காணும் என்றாலும் நான் நிற்பேன். இடம் கிடந்தாலும் நிற்பேன். கரவன் காணும் என்று ஒருநாள் அவள் சொன்னால், அன்றைக்கும் நிற்பேன், ஏன் என்று கேட்கமாட்டேன். நீங்கள் மட்டும் இனி என் காலுக்குள் வந்து ஏறாதேங்கோ.

ஒருநாளும் பெயர் சொல்லி நீங்கள் கூப்பிடாத,
உங்கள் இஞ்சாரும்