எந்த பிரவுசர் நல்லது என்று அப்பா கேட்பார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் முதலில். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், என் இடது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் போனில் ஒரு வார்த்தை பேசினால் அது நாலு காதில் விழுகிறது, நீயும் 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லியே வைத்துவிடுவாய். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி பயிற்சிக்காக உன் ஊருக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும், அதற்குத்தான் இந்த அவசரம்.

இங்கே தலைக்கு மேல் வேலை. சலவைப் பிரிவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அவர்கள் பங்கு படுக்கை விரிப்புகளுக்கும் நான்தான் இஸ்திரி போடுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் கை மடித்துக்கொண்டே இருக்கிறது. நேற்று உன் தங்கை படித்துக்கொண்டிருந்த பேப்பரை வாங்கி நாலாக மடித்து வைத்துவிட்டேனாம், சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். லிப்ட் ரிப்பேருக்குப் போகிற அப்பாவுக்கு இந்த மாதம் ராத்திரி ஷிப்ட். இந்த ஊரில் லிப்ட் எல்லாம் ராத்திரி பார்த்துத்தான் நிற்கும் போலிருக்கிறது. நான் வரும்போது அவர் கிளம்புகிறார், வாசலில் சாவியைக் கை மாற்றிக்கொள்வதுதான் நாங்கள் குடும்பம் நடத்துகிற லட்சணம். இதற்கு நடுவில் சின்னவளுக்கு அடுத்த வருஷத்துக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். கல்வி ஆபீசுக்குப் போய்க் கேட்டால் எல்லாம் ஆன்லைனில்தான், வெப்சைட்டைப் பாருங்கள் என்கிறார்கள். வெப்சைட்டைப் பார்த்தால் சரியான பிரவுசரில் திறக்கவும் என்கிறது, எது சரியான பிரவுசர் என்று சொல்லக் காணோம். நீ விட்டுப் போன கம்ப்யூட்டரில் இரண்டு இருக்கிறது, நீலமாக ஒன்று, வண்ணச் சக்கரம் மாதிரி ஒன்று. மாடி வீட்டு டீச்சர் சக்கரம்தான் நல்லது என்றாள். ஜெராக்ஸ் கடைக்காரர் நீலத்தைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்றார். கடைசியில் அப்பா நீலம், நான் சக்கரம் என்று ஆகிவிட்டது. அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருவார், நான் வந்து கை கால் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவேன். இரண்டு பேரும் ஒரே விண்ணப்பத்தைத்தான் நிரப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் தெரியாது என்று எனக்கு யார் சொன்னார்கள்.

போன வாரம் கண்ணாடி போடாமல் உட்கார்ந்து தவறுதலாக நீலத்தைத் திறந்துவிட்டேன். பார்த்தால், நான் பாதியில் விட்டது முழுசாக நிரம்பியிருக்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சந்தோஷப்பட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேலே பார்த்தேன். பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கிற இடத்தில் நீ படித்த விடுதிப் பள்ளிக்கூடம் இருந்தது. நான் சக்கரத்தில் போட்டு வைத்திருப்பது இங்கே இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிற பள்ளிக்கூடம். ஒரு பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்தான், முதலில் எது போகிறதோ அதுதான் செல்லும், அப்புறம் மாற்ற முடியாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அழித்திருக்கலாம், அழிக்கத் தெரியும். ஆனால் சின்னவளுடைய ரத்த வகையைத் தப்பாகப் போட்டிருந்தார், அதை மட்டும் திருத்திவிட்டு மூடி வைத்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், என்னுடையதில் போட்டோ ஏறாமல் நான் ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், மறுநாள் திறந்தால் போட்டோ ஏறியிருக்கிறது. அளவைக் குறைத்து ஏற்றத் தெரிந்த ஆள் இந்த வீட்டில் உன் அப்பா ஒருவர்தான். அவரும் என்னுடையதைப் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை.

இப்போது இரண்டும் தயார். அனுப்பு என்கிற பொத்தானை அவரும் அமுக்கவில்லை, நானும் அமுக்கவில்லை. பேசுவது எல்லாம் பிரவுசரைப் பற்றித்தான். நீலம் வேகமா ஓடுது என்றார் அவர். வேகமா ஓடி எங்க போகணும் என்றேன் நான். உன் சக்கரம் கம்ப்யூட்டரையே சூடாக்குது என்றார். இருக்கட்டும், வீடு வெதுவெதுப்பா இருக்கும் என்றேன். சின்னவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள், இதற்கா இவ்வளவு என்று நினைப்பாள். ஒரே ஒரு நாள் மட்டும் அப்பா ஷூ மாட்டிக்கொண்டே நேராகச் சொன்னார், பெரியவ இன்னைக்கு நல்லா இருக்கான்னா அது அந்தப் பள்ளிக்கூடத்தாலதான் என்று. நல்லாத்தான் இருக்கா, எங்க இருக்கா என்று கேட்டேன். அவர் நான் கழற்றிப்போட்ட செருப்பை ஓரமாக நகர்த்திவிட்டுப் போய்விட்டார். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, ஆனால் எனக்கு அலுத்துப் போயிருந்தது. உன் மேல் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருப்பது எனக்குப் பெருமைதான். உன்னைப் பார்க்க முடியவில்லை என்பது வேறு கணக்கு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது என் மனசு.

சின்னவளையே கேட்டுவிட்டேன், உனக்கு எங்க போகணும் என்று. அவள் யோசிக்கவே இல்லை, அக்கா படிச்ச ஸ்கூல்தான், அங்க போனா அப்புறம் அக்கா இருக்கிற ஊருக்குப் போயிடலாம்ல என்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு ஆசைப்படவில்லை, உனக்கு ஆசைப்படுகிறாள். இதை வைத்துக்கொண்டு நான் எந்தப் பொத்தானை அமுக்குவது.

முந்தாநாள் அப்பாதான் பேச்சை முடித்தார், பெரியவ படிச்சவ, எந்த பிரவுசர்ல அனுப்பறதுன்னு அவளே சொல்லட்டும் என்று. ஆக ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டு, நீலமா சக்கரமா என்று கேட்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார், அவருக்குக் கேட்க வராது. நீயும் விஷயம் தெரியாமல் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், இங்கே அவளுடைய பெட்டி கட்டப்பட்டுவிடும், அல்லது கட்டப்படாமல் போய்விடும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். அந்த விடுதியில் எப்படி இருந்தது என்று உனக்குத்தான் தெரியும். லீவுக்கு வரும்போதெல்லாம் நல்லா இருக்கேன்மா என்றுதான் சொன்னாய். திரும்பிப் போகிற அன்று காலையில் மட்டும் தட்டைத் தொட மாட்டாய். பஸ் ஒத்துக்காதும்மா என்பாய், நானும் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். உனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல். நீலம் என்றால் அவளுடைய துணிகளை நானே மடித்து அடுக்குகிறேன், மடிப்பதற்கா எனக்குச் சொல்லித்தர வேண்டும். சக்கரம் என்றால் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை எங்கேயும் ஓடிப்போகாது. குளிரில் காதை மூடிக்கொள். நர்ஸிடம் இரண்டு தலையணை உறை கொடுத்திருக்கிறேன், நானே தைத்தது, துவைத்துவிட்டுப் போடு. நீ நினைத்தது நடந்து நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பா கேட்கும்போது, எதுல வேணாலும் அனுப்புங்கப்பா, ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப்போகும்
அம்மா