ஐந்து மணித்தியாலம் என்றேன்

கோபத்தோடு கிடக்கிறீர்களா என் வாப்பா? உங்கள் கடைக்குட்டியின் ஸலாம்.

நீங்கள் மௌத்தாகி இன்றோடு பதினொரு நாள். நம்மூர் குறிஞ்சிப்பிட்டியில் என்ன விசேஷம் என்று கேட்டால், நான்தான் விசேஷம். எதிர்வீட்டு மாமி வேலியில் சாய்ந்துகொண்டு போகிற வருகிற எல்லோருக்கும் சொல்கிறாளாம்: "இருபது வருசம் தோஹாவில இருந்த மனிசன், மணி பார்க்கத் தெரியாது புள்ள."

தோஹாவிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஐந்து மணித்தியாலம். ஒவ்வொரு லீவிலும் உங்களிடம் பீற்றிக்கொள்வேனே. "கற்பிட்டி பஸ்ஸில கொழும்புக்குப் போற நேரம்தான் வாப்பா, நான் ஒண்டும் தூரத்தில இல்ல." வெங்காயம் தரம் பிரித்தபடி, தலை நிமிராமல் கேட்பீர்கள்: "அப்ப ஏன் மகன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாறீங்க?" அதற்கு ஒரு பகிடி வைத்திருந்தேன். இப்போது ஞாபகம் வரவில்லை.

அன்று சுபஹுத் தொழுகைக்கு முன் உங்கள் மூத்த மகன், நானா, போன் எடுத்துச் செய்தி சொன்னார். தோஹாவில் காலை எட்டு மணி விமானத்துக்கு டிக்கெட் கிடைத்தது. எட்டும் ஐந்தும் பதின்மூன்று. "ஒரு மணிக்குக் கட்டுநாயக்காவில இறங்கிருவன் நானா, நாலு மணிக்கு வீட்டில நிப்பன்" என்றேன். நம்மூர் மணி இரண்டரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறதே, அதைக் கூட்டவில்லை. தோஹாவில் எங்கள் அறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவனுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்து, பிழைவிட்டவனை ஒரு கிழமை கேலி செய்தவன் நான்.

என் பேச்சை நம்பி, மதியம் லுஹருக்கு எடுக்கவிருந்த ஜனாஸாவை மாலை அஸர் தொழுகைக்குப் பின் தள்ளினார்கள். அந்த வெக்கையில் உங்களைக் காக்க வைத்தேன். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் எனக்காக மூடாமல் வைத்திருந்தார்களாம்.

நம்மூர் மணி மூன்றரைக்கு விமானம் இறங்கியதும் நானாவின் அழைப்பு.

"எங்க தம்பி, சிலாபம் தாண்டிட்டியா?"

"இப்பதான் இறங்கினன் நானா."

"ஒரு மணி எண்டியே?"

"அது தோஹா மணி நானா."

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "இனி வெச்சிருக்கேலாது தம்பி. ஆக்கள் ரெண்டாந்தரம் வந்து நிக்கிறாங்க. வாப்பாட முகத்தைப் போன்ல காட்டட்டா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமா? சின்னத் திரையில் பார்த்துவிட்டால் அதுதான் கடைசி என்றாகிவிடும் என்ற பயமா?

மாதம்பையைக் கடக்கும்போது, அடக்கிவிட்டோம் என்று செய்தி வந்தது. வாடகை வான் சாரதி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இனி மெல்லமாப் போவமா?" என்று கேட்டான்.

மையவாடியில் உங்களை அடக்கிய ஈர மண்ணுக்கு முன் நின்று துஆ ஓத வாயைத் திறந்தேன். ஒரு சொல் வரவில்லை. இத்தனை வருடமும் வாயை வைத்தே பிழைத்தவன்.

உம்மா வெள்ளை உடுத்து, உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறார். "இருந்துட்டுப் போங்களன் மகன்" என்கிறார். லீவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. போகத்தான் போகிறேன் வாப்பா. நின்று என்ன செய்வேன்? வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டக்கூடத் தெரியாது.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உம்மாவுக்கும் ஒரு நாள் அப்படி ஆனால், எனக்காக ஒரு நிமிடமும் பிந்த வேண்டாம் என்று நானாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கும் எத்தனை மணிக்கு வருவாய் என்று அவர் கேட்பார். "நீங்க ஜனாஸாவ எடுத்திட்டுப் போங்க நானா" என்பேன்.

மண் போட வராத,
உங்கள் இளைய மகன்.