காலி மூலைக்கு ஒரு திட்டம்

பிப்ரவரி 18

எதிர்க் கம்பெனியின் கேம் கன்சோல் இன்று கடைக்கு வந்தது. கடை திறக்கும் முன்பே வரிசையில் நின்று நாங்களும் மூன்று வாங்கிவிட்டோம். ஒன்று விளையாடிப் பார்க்க, ஒன்று சூடு பார்க்க, ஒன்று பிரிக்க. எங்கள் பெட்டி வெளிவரும் நாளில் அவர்களும் இதையேதான் செய்வார்கள். ஊரறிந்த கூத்து, யாருக்கும் வெட்கமில்லை.

பிரிப்பது எப்போதும் என் பக்கத்து மேஜைக்காரன்தான். அவனுக்குப் பேரே திருப்புளி. மூடியைத் தூக்கியதும் நான் முதலில் பார்த்தது சூட்டை வெளியேற்றுகிற அவர்களுடைய கூலரை. நம் பெட்டிக்குக் கூலர் செய்கிறவள் நான், வேறு எதைப் பார்ப்பேன்? மெல்லிசான தகடு, மலிவான விசிறி. என்னுடையது எவ்வளவோ மேல். மனசுக்குள் ஒரு துள்ளல்.

மற்றவர்கள் கண் இடது மூலைக்குப் போய்விட்டது. அங்கே ஒன்றுமே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குக் காலி இடம். எங்கள் தலைவர் குனிந்து அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு பேரிடம் பேசினாலும் இரண்டாயிரம் பேருக்குப் பேசுகிற மாதிரி பேசுவதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மேடைக்காரர்.

"காலியா யாரும் இடம் விடமாட்டாங்க. இதுல ஒரு திட்டம் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். இவர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். இவருக்கு வேலை அந்த எதிர்க் கம்பெனியில்தான். வேலை ரகசியத்தை வெளியே சொல்லமாட்டோம் என்று இரண்டு கம்பெனியிலும் எங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள், அதனால் செருப்போடு கம்பெனியையும் வெளியே கழற்றிவிடுவது என்று கல்யாணமான புதிதிலேயே பேசிக்கொண்டோம். இவர் என்ன செய்கிறார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

"எப்படிப் போச்சு?"

"போச்சு."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பிப்ரவரி 20

உத்தரவு வந்துவிட்டது. அந்தக் காலி மூலையில் அவர்கள் பின்னால் எதையோ கொண்டுவந்து செருகப்போகிறார்களாம். கேமராவோ, கூடுதல் நினைவகமோ, யாருக்குத் தெரியும்? எதுவாக இருந்தாலும் நாம் முந்திக்கொள்ள வேண்டுமாம். அதனால் நம் பெட்டியிலும் பக்கவாட்டில் ஒரு பொந்து வைக்க வேண்டும். அதற்கு மேடைக்காரர் இப்போதே பெயர் வைத்துவிட்டார்: எதிர்கால வாசல்.

பெட்டியைப் பெரிசாக்க முடியாது, போன மாதமே படம் வெளியிட்டாயிற்று. அப்படியென்றால் இடம் எங்கிருந்து வரும்? என் கூலரிலிருந்து. தாமிரத்தில் பாதியை வெட்டு, விசிறியைச் சின்னதாக்கு. இரண்டு வருஷ வேலை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்கிறார், பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்கிற மாதிரி.

பிப்ரவரி 21

ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள். ஒன்றுமில்லாத இடத்தை!

பிப்ரவரி 25

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்தப் பிரித்த பெட்டியின் முன் தனியாக உட்கார்ந்தேன். காலி மூலையின் அடியில் நான்கு பிளாஸ்டிக் தண்டுகள், ஸ்க்ரூ ஏறுகிற தண்டுகள். எதிலும் ஸ்க்ரூ இல்லை. மேல் மூடியில், சரியாக அந்த இடத்துக்கு மேலே, காற்றுத் துளைகள்.

காலி இடத்துக்கு யாராவது காற்றுத் துளை போடுவார்களா? அங்கே சூடாகிற பொருள் ஒன்று இருந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்த பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்தேன். நம்முடையதில் பாதிகூட இல்லை. அவ்வளவுதான் விஷயம். முதலில் பெரிய பவர் சப்ளை போட்டு, அதற்கேற்ற மாதிரி பெட்டிக்கு அச்சு செய்துவிட்டார்கள். அப்புறம் யாரோ ஒரு கெட்டிக்காரன் அதைப் பாதியாகச் சுருக்கிவிட்டான். அச்சை மாற்றினால் நாளும் பணமும் வீண், மூலை அப்படியே நின்றுவிட்டது. திட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சட்டைக்கு வெட்டியதில் மிஞ்சிய துணி மாதிரி அது. அதைப் பார்த்துத்தான் என் கூலரை வெட்டச் சொல்கிறார்கள். நாளை மறுநாள் மீட்டிங். சொல்லிவிடப் போகிறேன், கூலர் பிழைத்துவிடும்.

பிப்ரவரி 27

சொன்னேன். தண்டு, துளை, பவர் சப்ளை, எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினேன். புரிந்துவிட்டது என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

மேடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து, மெதுவாக, "இதை உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றார்.

"யாரும் சொல்லல. பார்த்தாலே தெரியுது."

"எங்க யாருக்கும் தெரியலையே?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இவர் எங்கே வேலை செய்கிறார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். திருப்புளியைப் பார்த்தேன். பெட்டியைப் பிரித்த அன்றே அந்த ஸ்க்ரூ இல்லாத தண்டுகளை முதலில் பார்த்து "இது என்ன வேடிக்கை" என்று முணுமுணுத்தவனே அவன்தான். இப்போது நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். வெளியே வந்ததும், "தப்பா நினைக்காதீங்க, எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்கிறான். பிள்ளை பெற்றவனுக்கெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்ளுமா?

மார்ச் 1

சட்டப் பிரிவில் கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள், தன்மையான குரல், தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தன்மைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"நீங்க சொன்னது தப்புன்னா, அதை வச்சு முடிவெடுக்க முடியாது. சரியா?"

"சரி."

"நீங்க சொன்னது உண்மைன்னா, அது அவங்க ரகசியமா இருக்கலாம், வீட்டு வழியா வந்திருக்கலாம்னு நாளைக்குக் கேஸ் போடுவாங்க. அப்பவும் அதை வச்சு முடிவெடுக்க முடியாது."

"அப்ப என்னதான் செய்யறது?"

"பொந்து வைக்கறதுதான் சட்டப்படி பாதுகாப்பு."

பொந்து வைப்பது பாதுகாப்பாம்! கண்ணெதிரே இருக்கிற உண்மை தீட்டுப் பட்டுவிட்டது, நான் தொட்டதால். இனிமேல் வேறு யாராவது தானாகக் கண்டுபிடித்தாலும் என்னிடமிருந்து போனது என்பார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் திருப்புளியாவது என்றைக்காவது சொல்லியிருப்பானோ? மாட்டான். இருந்தாலும் நெஞ்சு ஆறவில்லை.

மார்ச் 2

இன்று வீட்டில் பேசக்கூடாததைப் பேசிவிட்டேன். இவர் பாத்திரம் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சாதாரணமாக "நீங்க" என்றுதான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் "நீ" வந்துவிடும்.

"உங்க பெட்டியில இருக்கற காலி மூலையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன குறைஞ்சு போயிடும்? ஒரு வார்த்தை! வெளியில எங்கயாவது, ஒரு பேட்டியிலயாவது சொல்லச் சொல்லேன் உங்க ஆளுங்கள!"

இவர் முகம் மாறியது. ஏதோ வாய் வரைக்கும் வந்த மாதிரி இருந்தது. துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அதைப் பத்தி நான் வாயைத் திறந்தா, நாளைக்கு உனக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சரியான பதில். சரியாக இருக்கிறதே என்றுதான் பற்றிக்கொண்டு வருகிறது. என்னைத் திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நான்கு வார்த்தை திட்டியிருப்பேன்.

மார்ச் 9

அம்மா போனில்: "ஏன்டி, ரெண்டு பேரும் ஒரே வேலைதானே செய்யறீங்க, பேச எவ்வளவு இருக்கும்!"

ஆமாம். நிறைய இருக்கும்.

ஏப்ரல் 16

வெட்டிய கூலரோடு முதல் பெட்டி வந்தது. லேபில் அகலமான மேஜையில், குளுகுளு அறையில் வைத்துச் சோதித்துவிட்டுத் தேறிவிட்டது என்கிறார்கள். எந்த வீட்டில் கேம் பெட்டியை மேஜை நடுவில் வைக்கிறார்கள்? டி.வி. அலமாரிக்குள் தள்ளி, பக்கத்தில் செட்டாப் பாக்ஸ், மேலே ஒரு பொம்மை. நானே ஒரு பழைய அலமாரியை லேபுக்கு ஏற்றி வரவைத்து, அதற்குள் வைத்து ஓட்டினேன். விசிறி மிக்ஸி மாதிரி கத்தியது. அப்புறம் பெட்டி தானாக அணைந்துபோனது.

மேடைக்காரர் வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "டி.வி. சவுண்டைக் கூட்டினா இது கேக்காது" என்றார். பெட்டி அணைந்துபோனதற்கு? "சாஃப்ட்வேர்ல பார்த்துக்கலாம்."

சோதனைத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். பரவாயில்லை என்று அவரே போட்டுக்கொண்டார். அவ்வளவு சுலபம். என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 5

வெளியீட்டு விழா. மேடையில் விளக்கெல்லாம் அணைத்து, பொந்தின் மேல் மட்டும் ஒரு வெளிச்சம். "எதிர்கால வாசல்!" கை தட்டினார்கள். அதில் என்ன செருகுவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கை தட்டவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை.

டிசம்பர் 11

திரும்பி வந்த பெட்டிகளை வைக்க இடமில்லாமல் வராந்தாவில் அடுக்கியிருக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவில் அணைந்துவிடுகிறதாம். காலையில் அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் என் இடத்துக்குப் போனேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒவ்வொரு பெட்டியின் மேலும் எழுதிவிட்டு வரலாம் போல இருந்தது. ஒவ்வொன்றையும் யாரோ ஒரு வீட்டில் காசு சேர்த்து வைத்து வாங்கியிருப்பார்கள்.

ஜனவரி 8

இன்று நடந்ததை எழுதினால் கதை என்பார்கள்.

மேடைக்காரர் கூப்பிட்டார். எதிர்கால வாசலில் செருகுவதற்கு முதல் பொருள் தயாராக வேண்டுமாம். என்ன பொருள்? விசிறி! சூடு தணிக்கிற விசிறி! என் கூலரை வெட்டி எடுத்த இடத்தில், வெட்டி எடுத்ததையே செருகி, தனி விலைக்கு விற்கப்போகிறார்கள்.

"உங்களைவிட இதை யாரும்மா நல்லா செய்வாங்க?" என்று சிரிப்பு வேறு.

ராஜினாமாவை மனசுக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அப்புறம் விசிறியைச் செய்யவே உட்கார்ந்தேன். நான் செய்யாவிட்டால் வேறு எவனாவது மட்டமாகச் செய்வான், வராந்தாவில் பெட்டிகள் குறையாது. என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

மார்ச் 27

விசிறி வந்த வாரமே கடைகளில் தீர்ந்துவிட்டது. பின்னே? அது இல்லாமல் விளையாட முடியாதே. பத்திரிகைகள் எழுதுகின்றன: வாசல் மாபெரும் வெற்றி, மக்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். மேடைக்காரருக்குப் பதவி உயர்வு. எனக்கு ஒரு பூங்கொத்து. குப்பைத்தொட்டி பக்கத்திலேயே இருந்தது.

மே 12

மத்தியானம் செய்தி பார்த்தேன். எதிர்க் கம்பெனித் தலைவரின் பேட்டி. வாசலுக்கு இவ்வளவு வரவேற்பு இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டதாம். அவர்களுடைய அடுத்த பெட்டியில் அதைவிடப் பெரிய வாசல் வருமாம். பெட்டியும் மெலியப்போகிறதாம். அதற்கெல்லாம் இடம் வேண்டி, பவர் சப்ளையை வெளியே எடுத்து, செங்கல் மாதிரி ஒரு தனி டப்பாவாக வயரில் தொங்கவிடப்போகிறார்களாம்.

விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவு அழகாகச் சுருக்கிய பவர் சப்ளை. யாரோ ஒரு கெட்டிக்காரனின் உழைப்பு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் சமையலறையில் பாத்திரங்களை உடைக்காத குறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஏற்கெனவே சுத்தமான பாத்திரங்கள். முதுகைப் பார்த்தபடி வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்த முதுகை எனக்குத் தெரியும். போன வருஷம் முழுக்க நான் அப்படித்தான் நின்றேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

"உங்க பவர் சப்ளையை நான் பிரிச்சுப் பார்த்தேன்" என்றேன்.

குழாயை நிறுத்தினார். திரும்பவில்லை. "அதெல்லாம் பேசக்கூடாது."

"கடையில வாங்கினது. பிரிச்சுப் பார்க்கத் தடை இல்ல. நல்லா இருந்துதுன்னு சொல்லவும் தடை இல்ல." "அவ்வளவு சின்னதா, அவ்வளவு சூடு இல்லாம, நான் எங்கயும் பார்த்ததில்ல. என் கூலரைவிட நல்ல வேலை அது."

"எப்ப பார்த்த?"

"போன வருஷம்."

"இத்தனை நாள் சொல்லலையே."

"கோபமா இருந்தேன். நீங்க செஞ்சதுன்னும் தெரியாது."

ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அந்த மூலையில நாலு தண்டு இருக்குமே, பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்."

"பழசு அங்கதான் இருந்துச்சு. அதைக் கழட்டிட்டு என்னோடதை வச்ச அன்னைக்கு எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. உன்கிட்ட சொல்லணும்னு வண்டியை விரட்டிட்டு வந்தேன். கதவைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, சொல்லக்கூடாதுன்னு. நீ எப்படிப் போச்சுன்னு கேட்ட. போச்சுன்னு சொன்னேன்."

அடுப்பு மேடையில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டே போனார். எந்தச் சுருளை எப்படிச் சுற்றினார், எத்தனை தடவை புகைந்தது, கடைசியில் எது கைகொடுத்தது. நானும் என் கூலரைப் பற்றிச் சொன்னேன், வெட்டுவதற்கு முன் இருந்ததைப் பற்றி. நடுவில் குறுக்கிட்டு, தகட்டை ஏன் அப்படி வளைத்தாய் என்று சரியான கேள்வி கேட்டார். இத்தனை வருஷத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இது வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். போகட்டும். இவர் கத்தரிக்காயும் வெங்காயமும் நறுக்க, நான் சாதம் வைத்தேன்.