பழுப்புப் புள்ளி

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உங்கள் மின்சார அலுவலகத்தின் உள்ளமைப்பைப் புதிதாக வடிவமைக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்கே கிடைத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வயதுக்காரர்களும் ஓய்வுபெறப் போகிறவர்களும் ஒரே கூடத்தில் உட்காருகிறீர்கள். எல்லோருக்கும் தோதாக அமைய வேண்டும். அதற்காகத்தான் கேள்வித்தாள் அனுப்பினோம். ஐம்பதைத் தாண்டிய பதினோரு பேரும் எழுதியது ஒரே பதில்: "எந்தச் சிரமமும் இல்லை." முட்டிவலிகூட இல்லையாம், நம்புகிற மாதிரியா இருக்கிறது? நீயும் அதையே எழுதியிருக்கிறாய். போனிலோ, நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று சொல்கிறாய். உள்ளதை எழுது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன் வாலு

மார்ச் 11

வாலு,

உன் தாளில் முதல் கேள்வி வயது, அடுத்தது என்ன முடியவில்லை என்று. யாரடி உண்மையை எழுதுவார்கள்? "வீட்ல ரெஸ்ட் எடுங்களேன்" என்று அனுப்பிவிட மாட்டார்களா?

உனக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டு வருடமாக எனக்குக் காது சரியில்லை. வலது காது சுத்தமாகக் கேட்பதில்லை. கருவி போட்டால் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. புகார் கவுண்டரில் வருகிறவர்களின் உதட்டைப் பார்த்தே சமாளிக்கிறேன். அந்த இடம் போய்விட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். யாரிடமும் மூச்சு விடாதே.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

மூன்று கடிதம் போட்டுவிட்டேன், பதில் இல்லை. என் தப்புதான். கூடத்தின் வரைபடத்தில் ஒவ்வொருவர் இடத்திலும் வயதுக்கு ஒரு நிறத்தில் புள்ளி வைத்தோம். ஐம்பதுக்கு மேல் பழுப்பு. உன் புள்ளிக்குப் பக்கத்தில் "காது மந்தம், அமைதியான மூலை" என்று எழுதியது நானேதான். எங்கள் ஆட்களுக்காக எழுதினேன். உங்கள் மேனேஜர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்த மூலையில் சத்தத்தை உறிஞ்சும் துணிப் பலகை, முதுகு உயர்ந்த நாற்காலி, எல்லாம் உனக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன் அக்கா. திட்டவாவது ஒரு வரி எழுது.

வாலு

மே 6

வாலு,

திட்டத்தான் எழுதுகிறேன். உன் மூலை முதுகுக்கு இதமாகத்தான் இருக்கிறது. மூன்று வாரம் அங்கே பழைய கோப்புகளுக்கு நம்பர் போட்டேன். ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. சின்னப் பெண்கள் என்னிடம் சைகையில் பேசத் தொடங்கிவிட்டார்கள். அழுகை வந்தது. உன்னை அறையலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போய்க் கவுண்டரில் போட்டேன். "உங்களுக்குத்தான் காது கேக்காதே?" என்றார் மேனேஜர்.

"கேக்காது சார். முகத்தைப் பாத்தா புரியும். ரெண்டு வருஷமா அப்படித்தான் பாக்கறேன். ஒரு புகாராவது தப்பா எழுதியிருக்கேனா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. கணக்காளர் எழுந்து, "எனக்கும் ஸ்கிரீன்ல எழுத்து தெரியல சார்" என்றார். தபால் பிரிப்பவர் தன் முட்டிவலியைச் சொன்னார். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு மாசம் பாப்போம்" என்று போய்விட்டார்.

அந்த ஒரு மாதத்தில்தான் என் பிழைப்பு இருக்கிறது. நீ மாட்டிய புது விளக்கு வருகிறவர்களின் முதுகுப் பக்கம் எரிகிறது. முகம் இருட்டு, உதடு தெரியவில்லை. நேற்று இரண்டு பேரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் கோபம் தீரவில்லை, அதற்காக வராமல் இருந்துவிடாதே. செவ்வாய்க்கிழமை வா, அன்றைக்குத்தான் கூட்டம் நெரியும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு என் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து புகார் வாங்கு. அப்புறம் உன் வரைபடத்தை வரை.

அக்கா