மூடப்படாத பத்தொன்பது டிஸ்க்குகள்

ஹாம்பர்க்
6 ஜூன் 2009

அன்புள்ள குவாக்கு மாமாவுக்கு,

கொனாடு எழுதுவது. நான் நலம். நீங்களும் போமா அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஊருக்கும் இங்கேயும் போய்வரும் போவாடு அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்து டிஸ்க்குகளைக் கொடுத்துவிட்டுப் போனார். பத்தொன்பதும் சரியாக இருக்கின்றன. உள்ளங்கை அளவுதான் ஒவ்வொன்றும். ஒன்றின் உறைமேல் உங்கள் கையெழுத்தில் 'அச்சியா அக்கா அடக்கம், சனி காலை, 3' என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் போட்டேன். காலி டிஸ்க் என்று சொல்கிறது. பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாம் காலி. கம்ப்யூட்டர் கடைப் பெண்ணும் போட்டுப் பார்த்துவிட்டுக் காலி என்றாள். ஆனால் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் பாதிக்கு மேல் நிறம் மாறியிருப்பது தெரிகிறது. ஏதோ பதிவாகியிருக்கிறது.

நான் வேலைக்குப் போகிறேன். ஹோட்டலில் ஒரு நாளைக்குப் பதினாறு அறை. விரிப்பு மாற்றுகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இங்கே தங்குவதற்கான தாள்கள் கைக்கு வராமல் இந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே வர முடியாது, அதனால்தான் அடக்கத்துக்கு வரவில்லை என்று ஊரில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னீர்களாம். அதற்கு நன்றி.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மாவுக்காக நான் கொடுத்தனுப்பிய துணி, வெள்ளையில் நீலப் பூ. மகள் கொடுத்த துணி இல்லாமல் தாயை யாரும் பெட்டியில் வைக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அதை அம்மா மேல் போர்த்தியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வெட்டி ஒட்டக்கூடிய ஃபைலாக மாற்றிக் கொடுத்தால் மேளம், ஆட்டம், பந்தல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் வைத்துக்கொள்வேன்.

ஃபோன் செய்யாதீர்கள் மாமா. எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
கொனாடு


மம்பொங்
21 ஜூன் 2009

என் தங்க மருமகளுக்கு உன் மாமன் குவாக்கு அடுசேய் வாழ்த்துச் சொல்லி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. தபால்காரன் கொடுக்கும்போதே, "ஜெர்மனியிலிருந்து உங்களுக்கு மட்டும்தான் இந்த ஊரில் கடுதாசி வருது ஐயா" என்றான். உண்மையில் இன்னும் ரெண்டு பேருக்கு வரும். ஆனாலும் அவன் சொன்னான்.

காலி டிஸ்க்கா! அந்தக் கடைக்காரப் பெண்ணிடம் சொல், மம்பொங்கிலிருந்து எஜுரா வரைக்கும் இந்தக் குவாக்கு அடுசேயின் கேமராவில் விழாமல் ஒரு பிணமும் மண்ணுக்குள் போனதில்லை. ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது வாத்தியார் வாசல் வரை வந்து அழுதார். அந்த மூளை சும்மா போகுமா? விஷயம் இதுதான். டிஸ்க் கேமராவில் எடுத்து முடித்ததும், அதே கேமராவிலேயே டிஸ்க்கை மூட வேண்டும். அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. மூடாத டிஸ்க்கை வேறு எந்த மெஷினில் போட்டாலும் அது வாயைத் திறக்காது, காலி என்றுதான் சொல்லும். எழுதின கேமராவைத் தவிர உலகத்தில் எவனாலும் படிக்க முடியாது. அன்றைக்கு இருந்த கூட்டத்தில் மூட மறந்துவிட்டேன். நாலாயிரம் பேர் அம்மாடி! சாலையில் லாரி நகரவில்லை. அரை மணிக்கு ஒரு டிஸ்க் மாற்ற வேண்டும், கேமராவை ஒரு நிமிஷம்கூடக் கீழே வைக்கவில்லை. காலையில் தோளில் ஏற்றியது, பெட்டியைக் குழிக்குள் இறக்கும் வரை தோளில்தான்.

பத்தொன்பதையும் திருப்பி அனுப்பு. மூடி, கம்ப்யூட்டரில் ஏற்றி, நீ கேட்கிற மாதிரி ஃபைலாக மாற்றித் தருகிறேன். இந்த வேலைக்கு ஆட்கள் குமாசியிலிருந்து என்னைத் தேடி வருகிறார்கள்.

துணியைப் பற்றிக் கவலைப்படாதே. துணியென்றால் அதுவல்லவா துணி!

போமா உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள். "அந்தப் பொண்ணு சாப்பிடுதான்னு கேளு, உன் பெருமையை அப்புறம் எழுது" என்கிறாள். சாப்பிடுகிறாயா?

உன் தாய்மாமன்,
குவாக்கு அடுசேய்
(அடுசேய் வீடியோ, கடைவீதி)


ஹாம்பர்க்
9 ஜூலை 2009

அன்புள்ள மாமாவுக்கு,

பத்தொன்பது டிஸ்க்குகளையும் துணியில் சுற்றிப் போவாடு அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படமாக வெட்டித் தர வேண்டாம். எடுத்தது எடுத்தபடி, வெட்டாமல், ஃபைலாக மட்டும் அனுப்புங்கள். குறிப்பாக 3-ஆம் டிஸ்க். வெட்டுவதை நான் செய்துகொள்கிறேன். கடைப் பெண் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

சாப்பிடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள். ருசி தெரிவதில்லை. ஆனால் சாப்பிடுகிறேன்.

கொனாடு


மம்பொங்
30 ஆகஸ்ட் 2009

என் அருமை மருமகளே,

தாமதத்துக்கு உன் மாமனைத் திட்டாதே, மின்சாரத்தைத் திட்டு. டிஸ்க்கை மூடும்போது நடுவில் மின்சாரம் போனால் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும். அதனால் ஜெனரேட்டர் போட்டு, பேட்டரியும் போட்டு, ஒவ்வொன்றாக மூடினேன். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினால் துண்டு துண்டாக வருகிறது. வெட்டுகிற புரோகிராம் அந்தத் துண்டுகளைத் தொட மாட்டேன் என்கிறது. மாற்றினால் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால் உதடு முன்னால் போகிறது, பேச்சு பின்னால் வருகிறது. பாதிரியார் ஆமென் சொல்லி வாயை மூடிய பிறகு ஆமென் கேட்கிறது! இந்த மாதிரிச் சிக்கலை அவிழ்க்க இந்த நாட்டிலேயே மொத்தம் மூன்று பேர்தான், அதில் ஒருவன் யார் என்று உனக்குத் தெரியும்.

வெட்டாமல் அனுப்பு என்றாய். மருமகளே, ஒன்பதரை மணி நேரம்! பாதி நேரம் சனங்கள் சாப்பிடுகிறார்கள். உனக்கு எதற்கு அந்தக் கஷ்டம்? அதனால் மாமனே பார்த்துப் பார்த்து நாற்பது நிமிஷப் படமாகக் கோத்து, பென் டிரைவில் போவாடுவிடம் தந்திருக்கிறேன். வேண்டுமானால் இதையும் நீ வெட்டலாம், ஃபைல்தான்.

நீ கேட்ட இடம் பன்னிரண்டாவது நிமிஷத்தில் வருகிறது. அக்காவைப் பித்தளைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தோம், ராணி மாதிரி. ஒவ்வொருவர் கொடுத்த துணியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உன் பெயர் வந்ததும் நானே துணியை இரண்டு கையாலும் ஏந்திப் போய், "அக்கா, கடல் தாண்டி உன் மகள் அனுப்பினது, போர்த்திக்கோ" என்று சொல்லிப் போர்த்தினேன். ஐயாயிரம் பேரும் ஒரே குரலில் விம்மினார்கள். மரத்தில் இருந்த வௌவால்கூடப் பறந்துவிட்டது.

பார்த்துவிட்டு எழுது. மனசு ஆறும்.

உன் மாமன்,
குவாக்கு அடுசேய்


ஹாம்பர்க்
19 செப்டம்பர் 2009

மாமாவுக்கு,

படம் கிடைத்தது. பார்த்தேன்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் இரண்டு கைகள் துணியைப் போர்த்துகின்றன. உங்கள் கைகள்தான். கேமராவைக் கீழேயே வைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்போது கேமரா யாரிடம் இருந்தது?

முகம் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழேதான் காட்டுகிறது. துணி என்னுடையதுதான். ஓரத்தில் நான் போட்ட தையல் தெரிகிறது. நீங்கள் கையை எடுத்த பிறகு படம் பதினொரு விநாடி அப்படியே நிற்கிறது. அந்தப் பதினொரு விநாடியில் துணி மூன்று தடவை மேலே எழும்பி, மூன்று தடவை கீழே இறங்குகிறது.

நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். மறுபடி பார்த்தேன். மூன்று தடவை.

மாமா, அந்தத் துணிக்குக் கீழே இருப்பவர் மூச்சு விடுகிறார்.

உங்கள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன். பதினாறு அறை.

3-ஆம் டிஸ்க்கை வெட்டாமல் அனுப்புங்கள்.

கொனாடு


மம்பொங்
11 அக்டோபர் 2009

கொனாடு,

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். முதல் தாளில், காற்றாடி சுற்றியதால் துணி அசைந்தது என்று எழுதினேன். போமா எட்டிப் படித்துவிட்டு, "காத்தாடியா? இன்னும் எத்தனை நாளைக்குய்யா? அந்தப் பொண்ணுக்கு அம்மாவும் இல்ல, இப்போ மாமனும் இல்லாம ஆக்கப் போறியா?" என்றாள்.

துணி வந்தது. வெள்ளிக்கிழமை போவாடு கொண்டுவந்து கையில் கொடுத்தான். வீடு முழுக்கச் சனம், வைக்க இடமில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று கேமரா பைக்குள், சார்ஜருக்கு அடியில் வைத்தேன். சனிக்கிழமை காலை கொடுத்தவர்கள் பெயரைக் கூப்பிடும்போது, இறந்தவளுக்குத் தம்பியாக முன்வரிசையில் நின்று ஒவ்வொரு துணியையும் வாங்கிப் போர்த்த வேண்டியவன் நான். நான் ஸ்டூல்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். குமாசியிலிருந்து ஒரு பெரிய வீட்டு ஆள் வந்திருந்தார், அவர் அம்மாவுக்கும் வயதாகிவிட்டது, என் வேலையைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதுதான் மனசில் இருந்தது. உன் பெயரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனைக்கு பேட்டரி மாற்றப் பையைத் திறந்தேன். துணி இருந்தது. அக்கா மண்ணுக்குள் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

டிஸ்க்கை மூட நான் மறக்கவில்லை. மூடாமல்தான் அனுப்பினேன். உன்னால் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

நீ திருப்பி அனுப்பியபோது வேறு வழி தெரியவில்லை. பித்தளைக் கட்டிலை மறுபடி வாடகைக்கு எடுத்தேன். போமாவிடம் கேட்டேன். "உசுரோட இருக்கறவளை நீட்டிப் படுக்க வெச்சுப் பொணத்துத் துணி போத்துறியே, உனக்கு அறிவிருக்கா?" என்று கத்தினாள். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து படுத்தாள். "உனக்காக இல்ல. அந்தப் பொண்ணு அழணும்" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொள் என்று சொல்லித்தான் எடுத்தேன். அவளுக்கு ஆஸ்துமா. கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நான் போர்த்தினேன். பிறகு உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். அழுதுகொண்டே ஒட்டியதால் எனக்கு மூச்சு தெரியவில்லை என்று எழுத நினைத்தேன். அப்படியில்லை. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அன்றைக்கு வந்தது நாலாயிரம் பேரும் இல்லை. முந்நூறு இருக்கும்.

3-ஆம் டிஸ்க் வெட்டாமல் இந்தப் பென் டிரைவில் இருக்கிறது. மற்ற பதினெட்டும் இருக்கின்றன. துணி என்னிடம்தான். என்ன செய்ய வேண்டும் என்று நீ சொன்னால் செய்கிறேன். குழியைத் திறக்கச் சொன்னாலும் பெரியவர்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

குவாக்கு


ஹாம்பர்க்
1 நவம்பர் 2009

குவாக்கு மாமாவுக்கு,

3-ஆம் டிஸ்க்கைப் பார்த்தேன். முழுக்க, வெட்டாமல். துணி கொடுத்தவர்களில் பதினான்கு பேரைக் கூப்பிட்டார்கள். நான் இல்லை. அம்மா முகம் நன்றாகத் தெரிகிறது. யாரோ ஒரு பெண் கைக்குட்டையால் ஈ விரட்டிக்கொண்டே இருக்கிறாள். படம் ஆடாமல் இருக்கிறது. நீங்கள் நல்ல வேலைக்காரர்தான்.

நான் அழவில்லை. அத்தையிடம் சொல்லுங்கள், அவர் கஷ்டப்பட்டது வீணாகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் கோத்த நாற்பது நிமிஷத்தை வெட்டினேன். முன்னால் இருந்ததையெல்லாம் எடுத்தேன். பின்னால் இருந்ததையும் எடுத்தேன். பதினொரு விநாடி மட்டும் வைத்தேன். அது அம்மா இல்லை என்று தெரியும். ஆனாலும் வேலை முடிந்து வந்து ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். முதல் தடவை அதைப் பார்த்தபோது, உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால், யாருடைய மூச்சு என்று யோசிப்பதற்கும் முன்னால், ஒரு மூச்சு நேரத்துக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு எனக்கு ஏதாவது இருந்தது என்றால் அதுதான்.

மற்ற பதினெட்டையும் நான் திறக்கவில்லை. திறக்கப் போவதும் இல்லை. இனி எதுவும் அனுப்ப வேண்டாம். கடிதமும் வேண்டாம். கோபம் இல்லை. படித்தால் எது நடந்தது, எது நீங்கள் சேர்த்தது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

குழியைத் திறக்க வேண்டாம். அம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

துணியைப் போமா அத்தையிடம் கொடுங்கள். இறந்தவருக்கு வாங்கியது என்று பயந்தால் உப்புத் தண்ணீரில் அலசி நாலு நாள் வெயிலில் போடச் சொல்லுங்கள். பிறகு தைத்துக் கட்டிக்கொள்ளட்டும். சர்ச்சுக்கு வேண்டாம், சந்தைக்குக் கட்டிக்கொண்டு போகட்டும். மீன்காரியிடம் சண்டை போடட்டும், வியர்க்கட்டும், கறை படட்டும், துவைத்துத் துவைத்து நீலம் போகட்டும்.

அவர் அதைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பும்போது நீங்களும் கூடப் போங்கள். படம் எடுக்க வேண்டாம்.

கொனாடு